காவிரியில் புறப்பட்டுக் கடலூர் சேரும் தண்ணீர்

கிருஷ்ணராஜசாகரில் திறந்துவிடும் தண்ணீர் எல்லாம் மேட்டூருக்கு வந்து சேர்வதில்லை. சிவசமுத்திரத்தை ஒட்டிய பகுதியில் ஒரு பங்கு கால்வாயில் திரும்புகிறது. நெட்கல் சமநிலை நீர்த்தேக்கத்தைத் தாண்டி தொரேகாடனஹள்ளி என்ற ஊருக்குப் போய், அங்கே தெளியவைத்துக் குளோரின் கலந்த பிறகு மேட்டைப் பார்த்து ஏறத் தொடங்குகிறது. தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என மூன்று இடங்களில் ராட்சத பம்புகள் அதைத் தள்ளிவிடுகின்றன. சுமார் 100 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம். ஆறு தன் போக்கில் ஒருநாளும் போயிருக்க முடியாத இடத்துக்கு, பெங்களூருக்கு, அப்படித்தான் காவிரி போகிறது. 1974-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. முந்தைய நான்கு கட்டங்களில் நாளொன்றுக்கு சுமார் 145 கோடி லிட்டர், ஐந்தாம் கட்டத்தில் 77.5 கோடி லிட்டர். ஆக 220 கோடி லிட்டருக்கு மேல் தினமும் மேடேறும் ஏற்பாடு இது.

ஏறியது இறங்கித்தானே ஆகவேண்டும்? குடிநீருக்கு எடுப்பதில் 20 சதவீதமே செலவாகிறது என்று 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கணக்கு வைத்தது. பொறியாளர்களும் அப்படித்தான் கணக்கிடுவார்கள்: ஒரு வீட்டுக்குள் நூறு குடம் போனால் எண்பது குடம் சாக்கடையாக வெளியே வரும். பெங்களூரில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நகரம் ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. அதன் மூன்றில் ஒரு பகுதிதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பகுதியின் தேவையை மட்டுமே நடுவர் மன்றம் ஏற்றது. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பை நீக்கி, நகரத்துக்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாகக் கொடுத்தது. தாகத்துக்குக் கொடுத்த தண்ணீரை நான் குறை சொல்லவில்லை. வெளியே வரும் எண்பது குடம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் என் கவலை.

மேற்குச் சரிவில் விழுவது விருஷபாவதியில் கலந்து, அர்க்காவதி வழியாக மேகேதாட்டுக்கு அருகே காவிரிக்கே திரும்பி, ஒகேனக்கல்லைத் தாண்டி மேட்டூருக்கு வருகிறது. கிழக்குச் சரிவில் விழுவது கோரமங்களா – செல்லகட்டா பள்ளத்தாக்கிலும் ஹெப்பால் பள்ளத்தாக்கிலும் இறங்கி தட்சிண பினாகினியைச் சேர்கிறது. எல்லை தாண்டி ஓசூர்ப் பக்கம் வந்ததும் நாம் அதைத் தென்பெண்ணை என்கிறோம். தஞ்சைக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர், பெங்களூர்வாசிகளின் குளியலறை வழியாகக் கடலூருக்குப் போகிறது. அந்தக் கிழக்குத் தண்ணீரின் பின்னால்தான் இப்போது போகப்போகிறோம்.

வீட்டுக்குள் அது தங்குவது சில மணி நேரம்தான். அதற்குள் அதன் இயல்பே மாறிவிடுகிறது. துவைக்கும் எந்திரத்தில் சோப்புத்தூளோடு கலக்கும்போது, அழுக்கைப் பிரித்தெடுக்கும் நுரைப்பொருள் அதில் சேர்கிறது. பாத்திரம் கழுவும்போது எண்ணெய் சேர்கிறது. கழிவறையில் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்கின்றன. ஒரு மனித உடல் நாளொன்றுக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். நைட்ரஜன் அதைப்போலப் பல மடங்கு. கேட்க அற்பமாகத் தெரியும். ஒரு கோடிப் பேர் என்று வைத்துக்கொண்டாலே தினமும் பத்து டன் பாஸ்பரஸ். வயலுக்கு உரமாகப் போயிருந்தால் பொன். ஏரிக்குப் போவதால் நஞ்சு.

வீட்டை விட்டு வெளியே வந்ததும் இரண்டு வழிகள். ஒன்று பாதாள சாக்கடை. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மற்றொன்று ராஜகாலுவே. மழைநீர் ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போவதற்காக முன்னோர் வெட்டிய பெருங்கால்வாய் அது. குழாய் உடைந்த இடங்களிலும் குழாயே போடாத இடங்களிலும் சாக்கடை நேராக ராஜகாலுவேயில் விழுகிறது. 2007-இல் 110 கிராமங்கள் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. ஐந்தாம் கட்டக் காவிரி நீர் முக்கியமாக அந்தப் பகுதிகளுக்காகத்தான். நம் ஊர்கள் எங்கும் நடப்பதுபோல அங்கேயும் தண்ணீர்க் குழாய் முதலில் வரும்; சாக்கடைக் குழாய் பிறகு வரும். இடைப்பட்ட காலத்தின் கழிவையெல்லாம் சுமப்பது கீழே இருக்கும் ஏரி.

முதல் வழியில் போன தண்ணீரைப் பார்ப்போம். சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் இரும்புக் கம்பிச் சல்லடை நிற்கும். ஷாம்பு பாக்கெட், கந்தல், தலைமுடிச் சுருள், பால் உறை, பூஜைப் பூ எல்லாம் அதில் சிக்கும். அடுத்த தொட்டியில் மணல் படியும். அதற்கடுத்த அகன்ற தொட்டியில் தண்ணீர் அசையாமல் கிடக்க, கனமான கசடு அடியில் தங்கும். இதுவரை நடந்தது வடிகட்டல் மட்டுமே. உண்மையான வேலை காற்றூட்டும் தொட்டியில்தான் தொடங்குகிறது. பழுப்பு நிறத்தில், அடியிலிருந்து காற்று கொப்பளிக்க, ஓயாமல் புரண்டுகொண்டிருக்கும் தண்ணீர் அது. கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு கழிவைத் தின்கின்றன. தொட்டி நலமாக இருந்தால் நாற்றமே வராது. ஈர மண்ணின் வாசனைதான் வரும். அனுபவப்பட்ட ஆபரேட்டர் ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் அந்தத் தண்ணீரை மொண்டு வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருப்பார். கசடு திரண்டு கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் தொட்டி சரியாக வேலை செய்கிறது. கசடு இறங்காமல் பஞ்சுபோல மிதந்தால் நுண்ணுயிர்களுக்கு ஏதோ கோளாறு. எவ்வளவு கருவிகள் வந்தாலும் இந்த உருளைச் சோதனைக்கு மாற்று வரவில்லை.

இந்த முறைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் 1914-இல் இதை உலகுக்குச் சொன்னார்கள். அவர்கள் கண்டது எளிமையானது: படிந்த கசடைக் கொட்டிவிடாமல் திரும்பத் திரும்பத் தொட்டிக்குள் விட்டுக் காற்றூட்டினால், பல நாள் பிடிக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. இன்று உலகின் பெருநகரங்கள் பலவும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன. ஆனால் அதற்குக் காற்று வேண்டும். காற்றுக்கு மின்சாரம் வேண்டும். இப்படிப்பட்ட நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும் பங்கு காற்று ஊதும் எந்திரத்துக்கே போகும். செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும் அதில்தான். ஊதுவதைச் சில மணி நேரம் நிறுத்தினால் நுண்ணுயிர்கள் மூச்சுமுட்டிப்போகும். பிறகு அந்தத் தொட்டி சாக்கடை வந்துபோகும் இடம் மட்டுமே.

எல்லாம் சரியாக நடந்தாலும் இந்தத் தொட்டி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் உள்ள அழுகும் பொருள் எவ்வளவு ஆக்சிஜனைத் தின்னும் என்பதைச் சொல்லும் அளவு பி.ஓ.டி. சாக்கடையில் லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டி நிற்கும் அதை நல்ல நிலையம் 20-க்குக் கீழே இறக்கிவிடும். நுரைப்பொருளையும் பெரும்பாலும் தின்றுதீர்க்கும். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை. அவற்றுக்கு அதிக நேரமும் அதிகக் காற்றும் கொடுத்தால்தான் வேலை நடக்கும். பாஸ்பரஸ் விஷயத்தில் சாதாரணத் தொட்டி ஏறக்குறைய கைவிரித்துவிடும். வந்ததில் பெரும் பகுதி அப்படியே வெளியேறும். அதைப் பிடிக்க, காற்றில்லாத தனி அறை ஒன்றைக் கட்டி அதற்கென்றே சில நுண்ணுயிர்களை வளர்க்க வேண்டும்; அல்லது படிகாரமோ இரும்பு உப்போ போட்டுப் படியவைக்க வேண்டும். இரண்டும் செய்யக்கூடியவைதான். செலவு பிடிக்கும், அவ்வளவே.

அந்தச் செலவை நெடுங்காலம் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதுதான் கதையின் நடுப்பகுதி. 2015-இல் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில் பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10 என்று கடுமையான அளவுகள் இருந்தன. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது, பெருநகரங்களுக்கு பி.ஓ.டி. 20, மற்ற இடங்களுக்கு 30 என்று தளர்ந்திருந்தது. நைட்ரஜன் வரம்பு காணாமல்போயிருந்தது. பாஸ்பரசுக்கும் வரம்பு இல்லை. 2019 ஏப்ரல் 30-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குறுக்கிட்டு, பி.ஓ.டி. 10, நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 என்று உத்தரவிட்டது. நிலையங்களைக் கட்டியவர்களோ அதற்கு வெகு காலம் முன்பே பழைய அளவுகளுக்குக் கட்டி முடித்திருந்தார்கள். ஆகவே ஒரு நிலையம் விதிப்படி தேர்ச்சி பெற்ற நாளிலும், அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் கீழே உள்ள ஏரியைப் பாசியாலும் ஆகாயத்தாமரையாலும் மூடிவிட முடியும். தேர்வு நடப்பது ஒரு பாடத்தில். ஆறு நோயில் விழுவது இன்னொரு பாடத்தில்.

கிழக்குப் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது பெல்லந்தூர் ஏரி. சுமார் 900 ஏக்கர், பெங்களூரிலேயே பெரியது. சுத்திகரித்த தண்ணீரும் ராஜகாலுவே கொண்டுவந்த பச்சைச் சாக்கடையும் ஒன்று சேர்ந்த இடம் இது. 2015-இல் அதன் மேல் மிதந்த நுரையில் தீப்பிடித்தது. 2017 பிப்ரவரியில் மறுபடி எரிந்தது. 2018 ஜனவரி 19-இல் பிடித்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் இறங்க வேண்டியிருந்தது. ஏரி தீப்பிடிக்கிறது என்ற செய்தியை உலகமே வேடிக்கை பார்த்தது.

நுரைக்குக் காரணம் பாஸ்பேட் என்று பலரும் எழுதினார்கள். பாஸ்பேட் ஆகாயத்தாமரையை வளர்க்கும். நுரை பொங்குவது சோப்பின் நுரைப்பொருளால். இன்றைய சோப்புத்தூளில் உள்ள நுரைப்பொருள் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் விரைவில் சிதைந்துவிடும். ஆக்சிஜன் இல்லாத கறுப்புச் சேற்றில் சிதையாது. சுத்திகரிக்காத சாக்கடையோடு வந்தது ஏரியின் அடிச்சேற்றில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகிறது. பெருமழை பெய்யும்போது வெள்ளம் அந்தச் சேற்றைக் கலக்கிவிடுகிறது. கலங்கிய நீர் கலிங்கில் விழுந்து காற்றோடு கலந்ததும், ஆளுயர நுரை. மழை வந்தால் அழுக்குக் கரைந்து நுரை குறையவேண்டும் என்று நாம் நினைப்போம். மழையில்தான் அது பொங்குகிறது என்றால் காரணம் இந்தச் சேறு. நுரை என்பது மேலே எங்கோ காற்றூட்டாமல் தப்பிவந்த சாக்கடையின் கையெழுத்து.

தீர்ப்பாயத்தின் நெருக்குதலில் பெல்லந்தூரைத் தூர்வாரும் வேலை தொடங்கியது. வேலை நடக்க ஏரிக்கு வரும் கழிவுநீரைச் சுற்றித் திருப்பிவிட்டார்கள். ஏரிக்கு நல்லதுதான். திருப்பிவிட்ட தண்ணீர் மறைந்துபோகாது. வர்த்தூர் ஏரிப் பக்கமாகக் கீழே போகும். கீழே ஆறு.

இந்த இடத்தில் பயணம் இரண்டாகப் பிரிகிறது. 2018 ஜூனிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் நிலையங்களில் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்துக்குப் பம்ப் செய்யப்படுகிறது. முதலில் லட்சுமிசாகர ஏரியில் விழுந்து, அங்கிருந்து ஏரி ஏரியாக நிரம்பிப் போகிறது. திட்டமிட்ட அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டியும் ஃப்ளூரைடு கலந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு நிரம்பிய ஏரி எவ்வளவு பெரிய வரம் என்று புரிகிறது. தொடங்கிய அடுத்த மாதமே அங்கும் நுரை வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-இல் நீதிமன்றத் தடை நீங்கித் திட்டம் தொடர்ந்தது. ஏரியின் அடியிலிருந்து நிலத்தடிக்கு இறங்கும் இந்த நீரை, காற்றூட்டும் தொட்டிக்கு அடுத்த மூன்றாம் கட்டச் சுத்திகரிப்பு இல்லாமல் அனுப்பக்கூடாது என்ற அங்குள்ளவர்களின் கோரிக்கை முழுக்க நியாயமானது. தென்பெண்ணைக்கு இதில் வேறொரு கணக்கு இருக்கிறது. சுத்திகரித்த பங்கு மேடேறிக் கோலாருக்குப் போகும்போது, ஆற்றில் மிச்சமிருக்கும் பச்சைச் சாக்கடையை நீர்த்துப்போகச் செய்ய அந்த அளவு நல்ல தண்ணீர் குறைகிறது.

மிச்சமிருந்தது முகளூர் என்ற ஊரைத் தாண்டி, கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. சிறிது தூரத்தில் ஓசூரை ஒட்டி கெலவரப்பள்ளி அணை. முழு உயரம் 44.28 அடி. கர்நாடகத்தில் மழை என்றால் மதகு திறப்பார்கள். தண்ணீர் விழுந்த வேகத்தில் வெண்ணுரை பொங்கி, ஆற்றை மூடி, தரைப்பாலத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கே சாலை, எங்கே ஓரம் என்று தெரியாது. தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்துவார்கள். காற்றடித்தால் கட்டி கட்டியாகப் பறந்து வயலில் போய் விழும். அழுகிய முட்டையின் வாடை. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்குப் பனிபோல அழகாகத் தெரிகிறது. கரையில் இருப்பவர்களுக்கு அது தோல் அரிப்பு, மாடு குடிக்க மறுக்கும் தண்ணீர்.

நுரை வடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாதவைதான் அதிகக் கெடுதல் செய்கின்றன. வெதுவெதுப்பான ஆற்றுநீர் ஒரு லிட்டரில் எட்டு மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற நாலரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மீனுக்கு என்ன மிஞ்சும்? பாசி மண்டிய நீரில் பகலெல்லாம் ஆக்சிஜன் ஏறி, இரவில் பாசியும் சுவாசிப்பதால் சரசரவென்று இறங்கும். இத்தகைய தேக்கங்களில் மீன்கள் விடியற்காலையில் செத்து மிதப்பதற்கு இதுவே காரணம்.

வயலில் இந்தத் தண்ணீருக்கு இரண்டு முகம். உரச் செலவு மிச்சம் என்று சொல்லும் விவசாயி பொய் சொல்லவில்லை. நைட்ரஜனும் பாஸ்பரசும் அதில் தாராளம். ஆனால் உரத்தை நிறுத்தும் நாளை அவர் தேர்ந்தெடுக்க முடியாது. கதிர் பிடிக்கும் நேரத்திலும் நைட்ரஜன் வந்துகொண்டே இருந்தால் நெல் இலையாக வளர்ந்து சாய்ந்துவிடும். சோப்பிலிருந்து வரும் சோடியம் மண்ணில் சேரச் சேர மண் இறுகும், நீர் இறங்காது. நைட்ரேட் கிணற்றுக்குள் இறங்கும்; குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது கூடாது. கீரையும் கொத்தமல்லியும் இந்த நீரில் வளர்ந்தால், சமைக்காமல் தின்னும் பச்சை இலையில் எந்தக் கிருமி ஒட்டியிருக்கிறது என்ற கேள்வி ஓசூரோடு நிற்காது. சென்னைச் சந்தைக்கும் வரும்.

அடுத்தது கிருஷ்ணகிரி அணை, 52 அடி. அதற்கும் கீழே சாத்தனூர், 119 அடி. ஓடும் ஆற்றுக்குத் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் சக்தி உண்டு. சாக்கடை விழுந்த இடத்துக்குக் கீழே ஆக்சிஜன் எப்படிச் சரிந்து, எத்தனை தூரத்தில் மீள்கிறது என்பதை அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றை வைத்து ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் 1925-இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார்கள். பாறையில் மோதி, மணலில் வடிந்து வரும் தென்பெண்ணையும் கீழே போகப் போக ஓரளவு தேறுகிறது. அந்தச் சமன்பாட்டில் பாஸ்பரஸ் இல்லை. அது எரிந்துபோவதில்லை, ஆவியாவதில்லை. அணையின் அடிச்சேற்றில் படிந்து, கோடையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மறுபடி கரைந்து மேலே வந்து நீரைப் பச்சையாக்குகிறது. மேலே சாக்கடையை நாளைக்கே நிறுத்தினாலும், தேக்கங்கள் பல ஆண்டுகளுக்குப் பழைய கடனை அடைத்துக்கொண்டிருக்கும்.

எல்லாப் பழியையும் எல்லைக்கு அப்பால் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. அந்த நகரமும் வளர்கிறது, அதன் கழிவும் வளர்கிறது. கிருஷ்ணகிரிக்கும் அதற்குக் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்களுக்கும் இதே ஆறுதான் வடிகால். திருக்கோவிலூர் அணைக்கட்டுக்கு வந்து சேரும் தண்ணீரில் யார் எவ்வளவு கலந்தார்கள் என்று பிரித்துச் சொல்ல எந்த ஆய்வுக்கூடத்தாலும் முடியாது. கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கும்போது அது இரண்டு மாநிலங்களின் கூட்டுத் தயாரிப்பு.

திருத்த முடியாத சேதம் இல்லை இது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் தன் வாஷிங்டன் ஏரிக்குள் விட்ட கழிவுநீரை 1963 தொடங்கி 1968-க்குள் முழுவதும் நிறுத்தியது. பாஸ்பரஸ் குறைந்தது, சில ஆண்டுகளில் ஏரி தெளிந்தது. சுவிட்சர்லாந்து 1986-இல் துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டையே தடை செய்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தொடங்கிய நிலையங்கள் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை எதிர்ச் சவ்வூடு பரவல் வரைக்கும் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. நமக்குத் தொழில்நுட்பம் தெரியும். அதே சென்னையில் கூவம் இன்னும் கறுப்பாக ஓடுவதற்குத் தொழில்நுட்பக் குறை காரணம் அல்ல. நாட்டின் நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர் என்றும், அதில் உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர் என்றும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் கணக்குக் கொடுத்தது. நூற்றுக்கு 28.

தென்பெண்ணை நீரின் அளவுக்காகத் தமிழ்நாடு 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. எத்தனை டி.எம்.சி. என்று கேட்கும் அதே மேசையில், எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வியையும் வைக்க வேண்டும். கொடியாளத்தில் வரும் நீரின் அம்மோனியா, பாஸ்பரஸ், ஆக்சிஜன் அளவுகளை இரு மாநிலங்களும் சேர்ந்து தினமும் அளந்து வெளியிட வேண்டும். கிழக்குப் பள்ளத்தாக்கின் நிலையங்கள் பாஸ்பரஸ் 1 என்ற 2019-ஆம் ஆண்டின் அளவுக்கு மாற்றிக் கட்டப்பட வேண்டும். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் அதே அளவு பொருந்த வேண்டும்.

பெங்களூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லட்சக்கணக்கான தமிழர்கள் இருக்கிறீர்கள். உங்கள் குடியிருப்புகள் பலவற்றில் சொந்த எஸ்.டி.பி., அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: காற்று ஊதும் எந்திரம் இரவிலும் ஓடுகிறதா, கடைசிப் பரிசோதனை அறிக்கையில் அம்மோனியா எவ்வளவு? பதில் வரும்வரை விடாதீர்கள்.